மணலில் கதிர்வீச்சு என்றால் வீடு கட்டலாமா, உமிழ்நீர் கொடுக்கலாமா, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மணவாளக்குறிச்சிப் பக்கம், கடலிலிருந்து அரை மைல் உள்ளே, அம்மா வழியில் 8 சென்ட் விளை வந்திருக்கிறது. வீடு வைக்கலாம் என்று இருக்கிறோம். ‘அது புற்றுநோய் மண்ணு’ என்கிறார் ஒருவர், ‘ஒண்ணும் செய்யாது, ஆராய்ச்சியே நடந்திருக்கு’ என்கிறார் இன்னொருவர். ஆய்வுக்கு என்று சிலர் வந்து வீட்டில் எல்லாருடைய உமிழ்நீரும் கேட்கிறார்கள். மணல் எடுப்பதற்கு எதிராக ஒரு தாளும் ஆதரவாக ஒரு தாளும் கையெழுத்துக்கு வந்திருக்கின்றன. என்ன செய்வது?

பதில்:

உங்கள் முற்றத்தின் கதிர்வீச்சு அளவு உங்கள் கையில் இல்லாமல் இந்த மூன்றில் எதற்கும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. பயமுறுத்துகிறவரும் தைரியம் சொல்கிறவரும் உங்கள் விளையை அளக்காமலே பேசுகிறார்கள். ஆகவே அளப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆனி, ஆடியில் கடல் அடித்து ஓய்ந்தபின் கரையில் கறுப்பு மணல் வரிவரியாக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை அள்ளினால் அதன் கனம் தெரியும். வெள்ளை மணலின் அடர்த்தி 2.65, கறுப்பாகத் தெரியும் இல்மனைட்டுக்கு 4.7, மோனசைட்டுக்கு ஏறக்குறைய 5. திரும்பிப் போகிற அலை லேசானதை இழுத்துக்கொண்டு கனமானதை விட்டுவிடுகிறது. பலர் நினைப்பதுபோல் கதிர் வீசுவது அந்தக் கறுப்பு அல்ல. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கதிர் வீசும் மோனசைட் தேன் நிறத்தில் இருக்கும் பொடி மணி. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால்தான் கிடைக்கும். அதன் எடையில் 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடு, பாதிக்கு மேல் அருமண் (நியோடிமியம் போன்ற அரிய தனிமங்கள்) ஆக்சைடுகள், கூடவே கொஞ்சம் யுரேனியம். கனத்தால் கறுப்போடு சேர்ந்தே ஒதுங்கும் என்பதால் கறுப்பு உள்ள இடத்தில் மோனசைட்டும் இருக்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இது கனிம மணலைப் பிரிக்கும் ஆலை கொண்டுவந்த சரக்கும் அல்ல. மலைப் பாறை கரைந்து ஆற்றோடு வந்து கடல் அரித்துப் பிரித்துப் போட்டது. குமரியம்மனின் கல்யாணம் நின்றபோது சிதறிய அரிசிதான் மணலாயிற்று என்று கதை சொல்லும் அளவுக்கு இந்த நிற மணல் இந்தக் கரைக்குப் பழையது. உலகத்துக்கு அதைக் காட்டிக் கொடுத்தது தேங்காய்க் கயிறு. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-இல் கண்டார். அன்றைக்கு தோரியம் கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு (ஒளிரும் வலைக்கு) தேவைப்பட்டது. அதற்காகத்தான் மணவாளக்குறிச்சியில் முதல் ஆலை வந்தது.

உலகில் திறந்த வெளியில் மண்ணிலிருந்து வரும் காமா (பொருளை ஊடுருவும் கதிர்) அளவு சராசரியாக மணிக்கு 0.06 மைக்ரோகிரே. கிரே என்பது பொருளில் படியும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. கேரளம் தொடங்கி நம் கரை வரைக்குமான மோனசைட் பட்டையில் 0.2 முதல் 4 வரை என்று ஐ.நா.வின் கதிரியக்க அறிவியல் குழு பதிவு செய்திருக்கிறது. ஒரே பட்டைக்குள் 20 மடங்கு வித்தியாசம். அடுத்த வீட்டு அளவு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அளக்கும் முறை இது. 8 சென்ட் என்றால் ஏறக்குறைய 324 சதுர மீட்டர், சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 18 மீட்டர். 5 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் 16 இடம். ஒவ்வொன்றிலும் கருவியைத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்து, 10 நிமிடச் சராசரி எடுத்து, தேதி, நேரம், மழை பெய்ததா என்பதோடு எழுதி வையுங்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டப் போகும் இடத்தில் 3 அடிக் குழி எடுத்து, அரையடிக்கு ஒரு முறை அந்த மணலைத் தனியாகக் குவித்து அளவுகளை ஒப்பிடுங்கள். பழைய கறுப்பு வரிகள் மேலே தெரியாமல் அடியில் புதைந்து கிடப்பது இந்தக் கரையில் சாதாரணம். இப்போது இருக்கும் வீட்டில் என்றால் கட்டிலின் தலைமாட்டிலும் அடுக்களையிலும் அளங்கள். அங்கேதான் மணிக்கணக்கில் இருப்பீர்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். மலிவான கைகர் கருவியை மணலில் வைத்து எடுப்பார்கள். அது காமாவோடு, தூரம் போகாத பீட்டாக் கதிரையும் சேர்த்து எண்ணிவிடும், அளவு எகிறும். அந்தப் படம்தான் வாட்ஸ்அப்பில் சுற்றும். பல கருவிகள் சீசியத்தின் காமாவை வைத்துத் திருத்தப்பட்டவை. தோரியத் தொடரின் காமா 2.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் போவதால், ஆற்றல் ஈடுகட்டாத கருவி இங்கே கூடக் காட்டலாம். அரை நிமிடம் பார்த்துவிட்டுப் போனால் தற்செயல் ஏற்ற இறக்கத்தையே அளவு என்று எழுதிவிடுவீர்கள். 100 எண்ணிக்கைக்கு 10 சதவீதப் பிழை, 400-க்கு 5 சதவீதம். மழை பெய்த கையோடு அளந்தால் காற்றிலிருந்து இறங்கிய, ரேடான் வாயு சிதைந்து உண்டாகும் சேய்த் தனிமங்களால் ஓரிரு மணி நேரம் அளவு கூடிக் காட்டும், பிறகு ஈர மணல் குறைத்துக் காட்டும். கைப்பேசிக் கேமராவை வைத்து அளக்கும் செயலிகள் இந்த அளவுகளுக்கு உதவாது. நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி இயற்பியல் துறைகளில் விசாரித்து, அளவீட்டுத் திருத்தச் சான்று உள்ள சிண்டில்லேஷன் கருவி கிடைத்தால் அதுவே நல்லது. சான்றின் தேதியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனிக் கணக்கு. சீவர்ட் என்பது கதிர்வீச்சு உடம்பில் செய்வதைக் கணக்கிடும் அலகு; காமாவுக்கு கிரேயும் சீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்று என்று இங்கே வைத்துக்கொள்ளலாம். வெளியில் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட், வீட்டுக்குள் 0.3 என்று வைத்துக்கொள்வோம். வெளியில் 6 மணி நேரம், உள்ளே 18. ஒரு நாளைக்கு 6-உம் 5.4-உம் சேர்ந்து 11.4. ஆண்டுக்கு 4,161 மைக்ரோசீவர்ட், அதாவது ஏறக்குறைய 4.2 மில்லிசீவர்ட். இதை உலகச் சராசரியான 2.4-ஓடு ஒப்பிடுவது எல்லாரும் செய்கிற பிழை. அந்த 2.4-இல் மூச்சில் போகும் ரேடானும் உணவில் போவதும் அடக்கம். வெளியிலிருந்து உடம்பில் படுவது மட்டும் உலக அளவில் ஆண்டுக்கு 0.9 தான். உங்கள் 4.2-ஐ அந்த 0.9-ஓடுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, இந்த அளவு உடம்பை என்ன செய்யும்? அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் நடந்தது. 30 முதல் 84 வயது வரையிலான 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கவனித்தார்கள். 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அளவு கூடக் கூடப் புற்றுநோய் கூடியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2009-இல் எழுதினார்கள். நேர்மையான, பெரிய ஆய்வு. ‘புற்றுநோய் மண்’ என்று சொல்கிறவர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

‘ஒண்ணும் செய்யாது’ என்கிறவரும் அதே ஆய்வை முழுக்கப் படிக்க வேண்டும். 1,000 மில்லிகிரேக்கு கூடுதல் அபாயம் −0.13 (அதாவது 13 சதவீதம் குறைவு) என்றும், பிழை எல்லை −0.58 முதல் 0.46 வரை என்றும் அதில் இருக்கிறது. அந்த மேல் எல்லையை உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 4 வீதம் 50 ஆண்டில் 200 மில்லிகிரே. அப்படியானால் 100 பேருக்கு வரும் இடத்தில் 109 பேருக்கு வரலாம் என்பதைக்கூட இந்த ஆய்வு மறுக்கவில்லை. வராது என்பதையும் மறுக்கவில்லை. ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் 30 பேர்தான், அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதில் இல்லை. குமரி மாவட்டமும் இல்லை. கேரளக் கரையில் 1995 முதல் லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்த ஆய்வில் பிறவிக் குறை இந்தப் பகுதிகளில் கூடுதலாக இல்லை. ஆனால் 248 குடும்பங்களில் 988 பேரிடம் உமிழ்நீர் எடுத்து 2002-இல் வெளியான ஆய்வில், மோனசைட் கரையில் வாழும் குடும்பங்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் (தாய்வழி வரும் மரபுப் பொருளில்) மாற்றங்கள் கூடுதலாகத் தெரிந்தன. மாற்றம் இருப்பதும் நோய் வருவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கித் தலைப்பு போடுகிறவர்கள் ஊருக்கு நல்லது செய்யவில்லை.

1 மில்லிசீவர்ட் வரம்பைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 என்பது ஒரு ஆலையோ அணு நிலையமோ கூடுதலாகக் கொடுக்கக் கூடியதற்கான வரம்பு. இயற்கையாக இருப்பதற்கு அந்த வரம்பு பொருந்தாது. ‘இங்கே 4 இருக்கு, சட்டவிரோதம்’ என்பது தவறு. அதே மூச்சில் ‘இயற்கையாகவே 4 இருக்கு, நாங்கள் கொடுப்பது கொசுறு’ என்று ஆலைத் தரப்பு பேசினால் அதுவும் தவறு. ஏற்கெனவே சுமக்கிறவன் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

வீட்டு விஷயம் எளிது. உங்கள் அளவுகள் மேலே காட்டிய கணக்கைச் சுற்றி இருந்தால் வீடு கட்டலாம். கட்டுகிற விதத்தில் கவனம் போதும். இங்கே பெரிய தவறு ஒன்று வழக்கமாக நடக்கிறது: வானம் தோண்டிய மணலை வீணாக்குவானேன் என்று அதையே பேஸ்மென்டுக்குள் கொட்டி நிரப்புவது. அடியில் புதைந்திருந்த கறுப்பு வரி அப்படியே ஏறி உங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துவிடும். அளந்து பார்த்துக் கூடுதலாக இருக்கும் மணலைத் தனியே ஒதுக்குங்கள். நிரப்புவதற்கு உள்நாட்டிலிருந்து செம்மண் இறக்கி, ஒரு அடி கனத்துக்குக் குறையாமல் போட்டு, தண்ணீர் விட்டு இடியுங்கள். அதன்மேல் 10 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம், மிச்சமிருக்கும் காமாவையும் பாதியளவுக்குத் தடுக்கும். பூச்சுக்கும் கடல் மணல் வேண்டாம். உப்பு கம்பியைத் தின்னும் என்பதற்காகவே வேண்டாம். எம்-சாண்ட் வந்தாலும் ஒரு குவியலை அளந்துவிடுங்கள், சில பாறைகளிலும் தோரியம் உண்டு.

தோரியம் சிதையும்போது தோரான் என்ற வாயு வரும். அதன் அரை ஆயுள் 55.6 நொடி. சுவரிலும் தரையிலும் இருந்து கிளம்பினாலும் நெடுந்தூரம் போவதற்குள் சிதைந்துவிடும். சுவரோரம் கூடுதல், அறை நடுவில் குறைவு. அதனால் கட்டிலைச் சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளிப் போடுவதும், தரை வெடிப்புகளை அடைப்பதும், இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்துக் காற்று ஓட விடுவதும் பயன் தரும். தோரானையும் அளக்க ஆள் கிடைத்தால், ரேடானையும் தோரானையும் பிரித்துக் காட்டும் தடப்படலமாக (கதிர் பட்ட தடம் பதியும் பிளாஸ்டிக் படலமாக) இருக்க வேண்டும், 90 நாளாவது தொங்க வேண்டும், சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதியிருக்க வேண்டும். அந்தத் தூரம் இல்லாத அளவை ஒதுக்கிவிடுங்கள்.

உமிழ்நீர் கேட்டு வந்தவர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். இந்தக் கரை மக்கள் உலக அறிவியலுக்கு அரிதானவர்கள். தலைமுறை தலைமுறையாக வழக்கத்தைவிடக் கூடுதலான இயற்கைக் கதிர்வீச்சில் வாழும் மக்கள் கூட்டம் உலகில் சில இடங்களில்தான் இருக்கிறது. உங்கள் வாயில் ஊறும் எச்சிலுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கும்போது அதைக் கொடுக்கிறவருக்கும் மரியாதை இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 நெறிமுறைப்படி இதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி எண்ணைக் கேளுங்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு படி உங்களிடம் தங்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அதில் இருக்க வேண்டும். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று தாளை மடித்து நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

படிவத்தில் நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். மாதிரி எத்தனை ஆண்டு வைக்கப்படும், பின்னால் வேறு ஆய்வுக்குப் பயன்படுமா, வெளிநாட்டுக்குப் போகுமா, உங்களைப் பற்றி ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்வார்களா. கடைசிக் கேள்விக்கு உங்கள் பதிலும் வேண்டும். சிலருக்குத் தெரிந்துகொள்ள விருப்பம் இருக்கும், சிலருக்கு இருக்காது. தெரியாமல் இருக்கும் உரிமையும் உரிமைதான். பிள்ளைகளின் மாதிரி என்றால் பெற்றோர் கையெழுத்தோடு நிற்காமல், விவரம் தெரிந்த பிள்ளையிடமும் அதற்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று அது சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

தனி ஆளின் சம்மதத்தோடு தீராத ஒன்றும் இருக்கிறது. உங்கள் பெயரை மறைத்துவிடுவார்கள், ஊர்ப் பெயரை மறைக்க மாட்டார்கள். ‘இன்ன ஊரில் டிஎன்ஏ மாற்றம்’ என்று செய்தி வந்தால் அந்த ஊர்ப் பெண்ணைக் கேட்டு வருகிற மாப்பிள்ளை வீட்டார் தயங்க மாட்டார்களா? மாதிரி கொடுக்காதவர் வீட்டுப் பெண்ணையும் அது பாதிக்கும். அதனால் ஆய்வுக் குழு முதலில் ஊர்க்கூட்டத்தில், மீனவர் ஊர் என்றால் பங்குப் பேரவையிலும் (தேவாலயப் பங்கு மக்களின் அவையிலும்) வந்து பேச வேண்டும். முடிவை இதழுக்கு அனுப்பும் முன் தமிழில் ஊரில் படித்துக்காட்ட வேண்டும், ஊர்ப் பெயரை எப்படிக் குறிப்பிடுவது என்பதை ஊரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்கிற குழு என்றால் தாராளமாகக் கொடுங்கள். நம் மாவட்டத்துக்கென்று நல்ல ஆய்வு தேவை, அதை வேண்டாம் என்று சொல்வது நமக்கே நஷ்டம்.

கையெழுத்துத் தாள்களுக்கு வருகிறேன். கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் பற்றி உங்களுக்குத் தெரியும். அதற்கு 2024 அக்டோபர் 1-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்பு, எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது.

‘நாட்டுக்குத் தோரியம் வேண்டும்’ என்று ஆதரவுத் தாளில் இருந்தால், இதை யோசியுங்கள். தோரியம் நேராக எரியாது. நியூட்ரானை விழுங்கி, புரோட்டாக்டினியம் வழியாக யுரேனியம்-233 ஆக மாற வேண்டும். அது ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் மூன்றாம் கட்டம். கல்பாக்கத்தில் நாம் இன்னும் இரண்டாம் கட்டத்தில் நிற்கிறோம். யுரேனியம்-233-இல் ஓடும் காமினி உலை 30 கிலோவாட், ஆய்வு உலை. ஆகவே இன்று தோண்டுவதில் இன்று காசாவது இல்மனைட், அதிலிருந்து வெள்ளைப் பெயின்ட். பிறகு சிர்கான் என்ற கனிமம், பீங்கான் ஓடு வேலைக்கு. பிறகு அருமண்கள், காந்தத்துக்கு. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பழையவற்றில் பல இன்டக்‌ஷன் ஜெனரேட்டர், அவற்றில் அருமண் காந்தம் இல்லை. நிலைக்காந்தம் வைத்த புது வகைகளுக்கும் மின்வண்டிகளுக்கும் நியோடிமியம் வேண்டும். அது உண்மையான தேவை, நான் அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் பெயின்டுக்கும் காந்தத்துக்கும் கேட்பதை அதன் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தேசபக்தியைக் காட்டிக் கேட்டால் எதிர்க்கேள்வி கேட்கவே ஊரான் கூசுவான்.

எதிர்ப்புத் தாளில் ‘மணல் எடுத்தால் கதிர்வீச்சு பரவும்’ என்று மட்டும் இருந்தால் அதுவும் பலவீனம். மோனசைட்டை எடுத்துவிட்டு மிச்ச மணலை நிரப்பினால் அந்த இடத்தில் காமா அளவு குறையும், இது ஆலைத் தரப்பின் நியாயமான வாதம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பிரித்தெடுத்த மோனசைட் எங்கே, எவ்வளவு, எத்தனை காலம் சேமிக்கப்படும்? உலர் பிரிப்பில் வரும் தூசியை மூச்சில் வாங்கும் தொழிலாளிக்கு, குறிப்பாக ஒப்பந்தக்காரர் வழி வேலைக்கு வந்தவருக்கு, அளவுப் பட்டை (உடம்பில் பட்ட கதிர்வீச்சைப் பதியும் வில்லை) கொடுத்து அளவு எழுதுகிறார்களா? தொழிலாளிக்கு ஐந்து ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று வரம்பு இருக்கிறது. பட்டை இல்லாதவருக்கு அதை யார் கணக்கிடுவது? மணல் மேட்டை எடுத்தால் கடலரிப்பு எந்தப் பக்கம் திரும்பும்? 2004 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்டதை மறக்காத கரைக்கு இது வெறும் பொறியியல் கேள்வி அல்ல. நல்ல தண்ணீர்க் கிணற்றில் உப்பு ஏறினால் யார் பொறுப்பு?

இதையெல்லாம் கேட்பதற்கென்றே 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில் கருத்துக்கேட்பு வைக்கப்பட்டது: 30 நாள் முன்னறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை, உள்ளூர் மொழியில் சுருக்கம், முழு வீடியோப் பதிவு, பேசியதை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டுதல். வாக்கெடுப்பு கிடையாது, ஆனால் சொன்னது பதிவாகும், பதில் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அலுவலகக் குறிப்பு, அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் இந்தக் கட்டத்தையே விலக்கியது. இதை நான் பெரிய தவறு என்றே நினைக்கிறேன். கதிர்வீச்சு எவ்வளவு என்று நிபுணர் சொல்லலாம். தன் கிணற்றையும் கரையையும் எதற்காக விட்டுக்கொடுப்பது என்று அங்கே வாழ்கிறவர்தான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்கும் ஒரே மேடையை எடுத்துவிட்டு நிபுணர் அறிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்வது முறையல்ல.

இனி மிச்சமிருக்கும் வழிகள் எழுத்து வழிகள்தான். சுற்றுச்சூழல் அனுமதிக்கான அரசின் பரிவேஷ் இணையதளத்தில் திட்ட அறிக்கை வரும், அதைப் பார்த்து மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடலாம். திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை, ஆனால் ஆவணமாக நிற்கும். அனுமதி வந்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். அதற்குமேல் கதவு மூடிவிடும். அதனால் அனுமதி தேதியைக் கண்காணிக்க ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

இரண்டு தாள்களிலும் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். மூன்றாவதாக ஒன்றை நீங்களே எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு ஒரு பக்கம் போதும்: ஆலைக்கு வெளியே எந்தெந்த இடங்களில், எந்த உயரத்தில் அளக்கிறார்கள், கடந்த 5 ஆண்டு அளவுகள் என்ன, பட்டை அணிந்த தொழிலாளர்கள் எத்தனை பேர், அதில் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர். பதிலுக்கு 30 நாள் கெடு. அந்த 30 நாளில் உங்கள் 16 புள்ளிகளையும் ஒரு தடவை அளந்து முடித்துவிடலாம். ஆடி கழிந்ததும் மறுபடி ஒரு தடவை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.